காகத்துக்குக் கதிரை போட்டவன்

முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன். மண்கும்பானில், கடலுக்குக் கிட்டவாக இருக்கும் என் அக்காவின் காணியில், எத்தனையோ தலைமுறையாகத் தன்பாட்டில் நின்ற காட்டில் பாதியைக் காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில் அழித்து முடித்த மடையன் நான்தான். அழித்ததோடு நிற்கவில்லை. மண் கிண்டுகிற பெக்கோவுக்கு முன்னால் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று படமும் எடுத்தேன். அந்தப் படம் இன்னும் என் போனில் கிடக்கிறது. என்னைப் பற்றி நானே பெரிதாக நினைக்கத் தொடங்கும் நாட்களில் அதை எடுத்துப் பார்ப்பேன். உடனே சுகம் வந்துவிடும்.

காணி அக்காவின் சீதனம். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் காணி, ஆண்பிள்ளைக்குக் காவல். அக்கா கல்யாணம் கட்டிக் கனடாவுக்குப் போய்விட்டா. நான் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்து, காவலுக்கு வந்து சேர்ந்தேன்.

தீவுப்பகுதியில் பாதி வீடுகளுக்குச் சொந்தக்காரர் வெளிநாட்டில். இங்கே இருக்கிற நாங்கள் அவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடுகளின் திறப்புகளை வைத்திருக்கிறோம். அவர்கள் போனில் எங்களிடம் கேட்கிற முதல் கேள்வி எங்கள் சுகத்தைப் பற்றியதல்ல. "வளவு எப்பிடிக் கிடக்கு?" இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் மானம் தொங்கிக்கொண்டிருக்கும். விடுமுறைக்கு வந்த யாராவது தெருவால் போகும்போது ஒரு படம் எடுத்து, "உங்கடை வளவு காடு பத்திக் கிடக்குது" என்று அனுப்பிவிட்டால், கனடாவில் கொஞ்சப் பேர் தலையைக் குனிந்துகொண்டு கோயிலுக்குப் போகவேண்டி வரும். பத்தை பிடித்த வளவு என்றால் கவனிக்க ஆளில்லாத குடும்பம். அதனால் காணி துப்புரவாக்குவதில் எங்களுக்குள் ஒரு போட்டி. ஒரு புல் நுனி தெரியாமல், குசினித் தரையைப் போல மண்ணைச் சுரண்டி வைத்திருப்பவன்தான் நல்ல சகோதரன்.

நான் நல்ல சகோதரனாக விரும்பினேன். ஆறு வருசத்துக்கு முந்தி, வெளியில் இருந்து வந்த ஒருவர் அப்படி ஒரு படம் அனுப்ப, அக்கா போனில் அழுதா. மறுநாளே பெக்கோவைக் கூப்பிட்டேன். "வடிவாய்த் துப்புரவாக்குங்கோ" என்று சொன்னேன். காணியின் மணல் திட்டியில் நின்ற வேம்பு, காரை, சூரை, ஈச்சு, பாலை எல்லாவற்றையும் இழுத்து ஒரு மூலையில் குவித்து நெருப்பு வைத்தோம். பாதி மிஞ்சியதற்கு என் நல்ல குணம் காரணமில்லை. நடுவில் நின்ற ஒரு கிழட்டுப் பாலையோடு மல்லுக்கட்டிப் பெக்கோவின் வாளிப் பல் உடைந்துபோனது. பாலைக்குப் பட்டையில் ஒரு கீறல், அவ்வளவுதான். கண்ணுக்கு முன்னால் ஒரு சத்தியாக்கிரகம் நடக்கிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. "விசர் மரம்" என்று பேசினேன்.

வெட்டவெளியான இடத்தில் பன்னிரண்டு அசோகாக் கன்றுகளை நூல் பிடித்து வரிசையாக நட்டேன். வீடியோ எடுத்து அனுப்பினேன். "வடிவாய் இருக்கடா" என்றா அக்கா. அவவின் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

அந்த வருசச் சோளகக் காற்று அசோகாக்களைப் பார்க்க வந்தது. உப்பும் மணலுமாக நாலு மாதம் அறைந்தது. பதினொன்று கருகிப்போயின. ஒன்று மட்டும் எப்படியோ தப்பி, முடிவெட்டுகிறவர் பாதியில் எழும்பிப் போன தலை மாதிரி இன்றைக்கும் நிற்கிறது.

பெக்கோ போட்டுக்கொடுத்த பாதையால் அடுத்ததாக வந்தவை மணல் ஏற்றுகிற ரக்ரர்கள். முன்பு அந்த முள்ளுக்குள் ஒரு நாய்கூட நுழையாது. இப்போது மணல் அள்ள வழி திறந்து கிடந்தது. நான் வீட்டில் இருந்து சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் திட்டியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். கத்தினேன். "பொலிசிலை சொல்லுங்கோ ஐயா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அள்ளிக்கொண்டு போனார்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த மணல் அது. திட்டி பதிந்தது. அதன் அடிவாரத்தில் இருந்த கிணறு உப்புச் சவராகிப்போனது.

அந்தக் கிணறு பக்கத்துக் காணிக்காரியுடையது. ஆடு வளர்க்கிறவள். என்னைவிட இருபது வயது இளையவள், 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அவள் சொல்கிற 'அண்ணை'யில் மரியாதை எவ்வளவு, கத்தி எவ்வளவு என்று இன்றுவரை நான் பிரித்துப் பார்த்ததில்லை. கடற்கரைப் பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு அது ஒன்றுதான். ஐந்து வீடும், அவளுடைய ஆடுகளும் அதில்தான் குடித்தன. கனடாவுக்குப் போகுமட்டும் அக்காவும் அதில் அள்ளிக் குடித்தவதான். தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் என்னவென்று, தண்ணீர்ப் பவுசர் வருமா வருமா என்று கானோடு தெருவில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் அவள் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். வழமையில் தராதவள். எனக்குப் பெருமை.

"குடியுங்கோ அண்ணை."

ஒரு மிடறு குடித்தேன். துப்பவும் ஏலாது, விழுங்கவும் ஏலாது.

"உப்புக் கிடக்குப் பிள்ளை."

"சீனி போட்டனான். சீனிக்கு மேலாலை நிக்கிறது உங்கடை துப்புரவு. மிச்சத்தை அசோகாவுக்கு ஊத்துங்கோ."

கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்: அழித்த காட்டைத் திருப்பி வளர்ப்பது, ஊர் என்ன சொன்னாலும் வளர்ப்பது.

முடிவு நல்ல முடிவு. ஆனால் முடிவெடுத்தவன் பழைய ஆள்தானே. திருப்பியும் கன்றுகள் வாங்கினேன். திருப்பியும் குழி வெட்டினேன். இந்தப் பழக்கம் எனக்கு எங்கள் ஊர்ச் சங்கத்தில் இருந்து தொற்றியது. ஒவ்வொரு கார்த்திகையும் நாங்கள் தெருக்கரையில் மரம் நடுவோம். மாலை, மைக், படம், சோடா. ஆடிக்குள் கன்று செத்துவிடும். அடுத்த கார்த்திகையில் அதே குழியில் அடுத்த கன்று. மண் தோண்டிப் பழகிவிட்டதால் குழி வெட்டுவதும் சுகம். நான் செயலாளராக இருந்த காலத்தில் நாங்கள் மரம் வளர்க்கவில்லை, குழி வளர்த்தோம்.

என் புதுக் கன்றுகளும் சாகத் தொடங்கிய நேரத்தில், வேலிக்கு அங்கால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆட்டுக்காரி கேட்டாள்:

"அண்ணை, அந்த ஒத்தைக் கட்டையடியைப் பாத்தனீங்களோ?"

வேலியில் மிஞ்சிய பழைய கட்டை ஒன்று வெட்டவெளியின் நடுவில் தனியாக நின்றது. போய்க் குனிந்து பார்த்தேன். கட்டையைச் சுற்றி ஒரு முழ வட்டத்துக்குள் வேப்பங் கன்று, காரை, பாலை, ஒரு நாவல்கூட. பச்சைப் பசேலென்று, ஒருவரும் தண்ணீர் ஊற்றாமல்.

"உதை ஆர் நட்டது?"

"காகம். கட்டையிலை குந்தியிருந்து பீச்சும். கொண்டைக் குருவியும் பீச்சும். நீங்கள் நட்டது ஒண்டும் தப்பேல்லை, அதுகள் பீச்சினது முழுக்க முளைச்சிருக்கு."

முப்பது வருசம் கந்தோரில் இருந்தவனுக்குத் தன்னைவிடக் காகம் கெட்டிக்காரன் என்று ஏற்றுக்கொள்ள ஒரு கிழமை எடுத்தது. பிறகு பழைய தடிகளையும் காய்ந்த கொப்புகளையும் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் குறுக்கால் ஒரு தடி கட்டி, வெட்டவெளி முழுக்க நட்டேன். தூரத்தில் நின்று பார்த்தால் சிலுவை நட்ட சவக்காலை மாதிரி இருந்தது. கிட்டப் போனால் அதைவிட மோசம்.

தேத்தண்ணிக் கடைக்கு ஒரு வருசத்துக்குப் பகிடி கிடைத்தது.

"காகத்துக்குக் கதிரை போட்டு வைச்சிருக்கிறார். மேசையும் போடுவரோ தெரியேல்லை."

"பென்சன் எடுத்தால் சிலருக்கு உப்பிடித்தான். பாவம், பெண்சாதி."

நான் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. அவர்களுக்கு நடுவிலேயே போய் இருந்து சொன்னேன்: "ஓமடாப்பா, கதிரைதான். காகம் அதிலை ஒருக்காக் குந்தி எழும்பினால் ஒரு வேம்பு வருது. நீங்கள் இந்த வாங்கிலை இத்தினை வருசம் குந்தி எழும்பினியள், என்ன முளைச்சது?"

கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். வாங்கு அவருடையது.

இரண்டாவது காரியம் பாதையை அடைப்பது. சூரைக் கொப்பும் உடை முள்ளும் வெட்டிப் பாதைக்குக் குறுக்கே ஆளுயரத்துக்குப் போட்டேன். கையும் காலும் கிழிந்து, வேட்டியும் கிழிந்து, ஒருநாள் முள்ளுக்குள் நானே மாட்டுப்பட்டு நின்று, ஆட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவள் வந்து ஆடுகளுக்கு முதலில் குழை போட்டுவிட்டுத்தான் என்னை எடுத்துவிட்டாள். ஆனால் மணல் அள்ள வந்த ரக்ரரின் முன் சில்லில் இரண்டுதரம் காற்றுப் போனது. மூன்றாம்தரம் அவர்கள் வரவில்லை. மரம் தண்ணீரைப் பிடிக்குதோ இல்லையோ என்று படித்தவர்கள் வாதாடட்டும். முள் கள்ளனைப் பிடிக்கும் என்பதற்கு நான் சாட்சி.

மூன்றாவது காரியம்தான் கஷ்டம். அவளுடைய ஆடுகள். கன்று முளைத்தவுடன் அவற்றின் மூக்குக்கு மணம் எட்டிவிடும். நேராகப் போய்க் கேட்டேன்.

"பிள்ளை, ஆடுகளை ஒரு மூண்டு வருசம் கட்டி வளர்ப்பீரோ?"

"கட்டினா ஆர் குழை வெட்டிப் போடுறது?"

"நான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சத்தியமா?"

"சத்தியமா."

மூன்று வருசம், மழையோ சோளகமோ, காலமை ஏழு மணிக்கு நான் மிஞ்சிய காட்டில் கிளுவையும் பூவரசும் ஒடித்து அவளுடைய ஆடுகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். கந்தோரில்கூட நான் நேரத்துக்குப் போனதில்லை. பிந்தினால் ஆடுகள் வேலியில் முன்னங்கால் வைத்து நின்று தெருவுக்கே கேட்க என்னைக் கூப்பிடும். "உங்களைத் தேடுறாங்கள்" என்று என் மனைவி சொல்லுவா.

காடு வந்தது. ஊரில் மரம் வளருவது பற்றிக் கதைப்பவர்கள் உயரத்தைத்தான் சொல்லுவார்கள். எனக்குச் சத்தம்தான் முதலில் தெரிந்தது. வெட்டின பிறகு அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல் மட்டும்தான். மூன்றாம் வருசம் புலுனிக் குருவிக் கூட்டம் ஒன்று வந்து, சந்தையில் மீன் பங்கு போடுகிறவர்கள் மாதிரிச் சண்டை பிடித்தது. பிறகு செண்பகம் வந்து கத்தியது. பிறகு ஒரு காலை, காரைப் பற்றைக்குள் இருந்து கவுதாரி ஒன்று ஐந்தாறு குஞ்சுகளோடு வெளிக்கிட்டு, என்னைப் பார்த்து, 'உமக்கு இஞ்சை என்ன அலுவல்' என்கிற மாதிரி நின்றது. மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சுற்றிப் போனேன். கீரி வந்தது, உடும்பு வந்தது. பாலைப்பழக் காலத்தில் வௌவால்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் சூரைப்பழம் ஆய்ந்து, கொட்டையை என் கூரையில் எறிந்தார்கள்.

ஐந்தாம் வருசம், சொல்லாமல் கொள்ளாமல், ஆட்டுக்காரி மறுபடி ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தாள். நான் பயந்துகொண்டு குடித்தேன். தேத்தண்ணியில் தேத்தண்ணி மணத்தது.

எல்லாம் நல்லாய்த்தான் நடந்தது, ஒரு பொய்யைத் தவிர. அக்காவுக்கு நான் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. அவ வீடியோ கேட்கும்போதெல்லாம் அந்த ஒற்றை அசோகாவைத்தான் எடுப்பேன். இந்தப் பக்கத்தால் கடல் தெரிய, அந்தப் பக்கத்தால் வானம் தெரிய. ஒரு மரத்தைப் பன்னிரண்டு பக்கத்தாலும் எடுத்தால் பன்னிரண்டு மரம். எனக்குப் பின்னால் காடு இரைந்துகொண்டிருக்கும். "அதென்ன சத்தம்?" என்று ஒருதரம் கேட்டா. "கடல் அக்கா" என்றேன். அதிலே செண்பகமும் கத்தினது. "கடலிலை செண்பகமோ?" என்று கேட்கிற அளவுக்கு அக்கா பறவைகளைக் கவனிக்கிறவ இல்லை. நல்ல காலம்.

இந்த வருசம் ஒரு தரகர் வந்தார். கடற்கரையில் விடுதி கட்ட யாரோ இடம் தேடுகிறார்களாம். அக்காவோடு போனில் கதைத்து முடித்துவிட்டார். பிள்ளைகள் இனி ஊருக்கு வந்து இருக்கப்போவதில்லை, விற்றுவிடலாம் என்று அவவும் சம்மதித்துவிட்டா. காணியைத் துப்புரவாக்கிக் கொடுக்கவேண்டும் என்பதுதான் பேச்சு. தரகர் சுற்றிப் பார்த்து நாலு படம் எடுத்து அனுப்பினார். அரைமணித்தியாலத்தில் என் போன் அடித்தது.

"டேய், அது ஆரின்ரை காணி?"

"எங்கடைதான் அக்கா."

"என்ரை அசோகா எங்கை?"

"ஒண்டு நிக்குது."

"ஒண்டோ! அப்ப நீ காட்டினதெல்லாம்?"

"அதுதான் அக்கா. அதேதான்."

அவ அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். "காடு பத்த விட்டிட்டு இத்தினை வருசம் என்னைப் பேய்க்காட்டினனீ. திங்கக்கிழமை பெக்கோ வரும். கேற்றைத் திறந்துவிடு" என்று சொல்லி வைத்துவிட்டா.

ஆட்டுக்காரியிடம் போய்ச் சொன்னேன். அவள் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி, முழுக்க நிரம்பியிருந்ததை அப்படியே தூக்கி வந்து என் காலடியில் வைத்தாள். அவ்வளவு கனமான வாளியை அவள் ஒரு துளி சிந்தாமல் வைத்ததைப் பார்த்தபோது, எனக்கு அக்காவின் கோபத்தைவிட இது பெரிதாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை வரைக்கும் இருந்த மூன்று நாளும் ஊர் எனக்குப் புத்தி சொன்னது. "காணிக்காரி விக்கிறா, உமக்கென்ன?" "காவல்காரன் காவல்காரனாய் இருக்கவேணும்." ஊர்ச் சங்கத் தலைவர் வந்து, விடுதி வந்தால் வாசலில் மரநடுகை வைக்கலாம், பேசியிருக்கிறேன் என்றார். அவருக்கு நான் சொன்னதை இங்கே எழுதினால் அச்சில் வராது.

திங்கட்கிழமை காலமை எட்டு மணிக்கு, காடு முழுக்கக் கேட்க இரைந்துகொண்டு பெக்கோ வந்தது. முன்னால் தரகரின் மோட்டார் சைக்கிள். நான் விடியவே உள்ளே போய்க் காவல் இருந்தேன். வீரன் என்று நினைக்கவேண்டாம். சாரத்தோடு, கையில் ஆட்டுக்குக் குழை வெட்டுகிற கத்தியோடு. சத்தம் கேட்டதும் தெருவாசல் கேற்றை இழுத்துத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தேன். கத்தியை மட்டும் யோசித்து வேலியில் செருகிவிட்டேன். பெக்கோவுக்கு முன்னால் போய் நின்றேன். இந்தமுறை கையை இடுப்பில் வைக்கவில்லை.

"அண்ணை, விலகுங்கோ" என்றார் தரகர். "காணிக்காரி சொல்லிப்போட்டா. நீங்கள் இதிலை ஆர்?"

"நானோ? இந்தக் காணியை ஒருக்கா வெட்டின மடையன். ரெண்டாந்தரம் வெட்ட வாற மடையன் ஆரெண்டு பாக்க நிக்கிறன்."

பெக்கோக்காரர் இயந்திரத்தை நிறுத்தாமல் ஒரு பீடியைப் பற்றவைத்தார். தரகர் போனை எடுத்து வீடியோவில் அக்காவைப் பிடித்தார். அங்கே அவ படுக்கப் போகிற நேரம். தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது.

"அக்கா, உங்கடை தம்பி விடுறாரில்லை. நீங்களே சொல்லுங்கோ."

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அக்கா என்னைப் பார்த்தா. பிறகு கேட்டா: "பக்கத்துக் காணிப் பிள்ளை நிக்கிறாளோ?"

ஆட்டுக்காரி வேலியடியில்தான் நின்றாள். கிட்ட வந்தாள்.

"கிணறு எப்பிடிப் பிள்ளை?"

"இவர் வெட்டின வருசம் வாயிலை வைக்கேலாது அக்கா. நாங்கள் ஐஞ்சு வீடும் பவுசருக்கு ஓடினனாங்கள். இப்ப குடிக்கலாம்." பெக்கோவை ஒருக்காப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "திருப்பி வெட்டினா நான் ஆட்டையும் வித்துப்போட்டுப் போகவேண்டியதுதான். பவுசர் தண்ணி ஆட்டுக்குத் தருவினமோ?"

அக்கா அவிழ்ந்த தலைமயிரை அள்ளி முடிந்தா. கந்தோரில் முப்பது வருசம் "ஓம் சேர்" என்று சொன்ன வாய் அன்றைக்குத் திறந்தது.

"அக்கா, வித்தா வில்லுங்கோ. உங்கடை சீதனம், உங்கடை உரிமை. பொய் சொன்னது பிழைதான், அதுக்கு நீங்கள் எப்பிடிப் பேசினாலும் கேப்பன். ஆனால் காடு பத்தினதுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டன். நான்தான் பத்த விட்டனான். ஊர் சிரிக்கட்டும். கனடாவிலை ஆரும் கேட்டால், ஓம், எங்கடை வளவு காடுதான், தம்பி ஒரு விசரன் எண்டு சொல்லுங்கோ. இந்த மண்ணிலை கவுதாரி குஞ்சு பொரிச்சிருக்கு. ஐஞ்சு வீடு தண்ணி குடிக்குது. இதுக்குள்ளை பெக்கோ வாறதெண்டால் எனக்கு மேலாலைதான் வரவேணும். நான் அந்தக் கிழட்டுப் பாலையைவிட மெலிவுதான், ஆனால் எனக்கும் கொஞ்சம் பிடிவாதம் கிடக்கு. இந்த ஊரிலை பிறந்து, இந்தக் காத்திலை..."

இன்னும் நிறைய வைத்திருந்தேன். மூன்று நாள் யோசித்தது. ஆனால் அக்காவின் கண் என் முகத்தில் இல்லை. எனக்குப் பின்னால், திறந்து கிடந்த கேற்றுக்குள்ளால் தெரிந்த காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"கதைச்சது போதும், முதல் அந்தக் கேற்றைப் பூட்டடா."